கல்லுக்கு லக்கேஜ் உண்டா?

தை மாதம் 5-ஆம் தேதி மணலூர்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? தென்பெண்ணையில் அன்றைக்கு ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து சாட்சாத் அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்குப் புறப்பட்டு வந்துவிடுவார். சுற்றுப்பட்டுச் சாமிகளும் வந்து சேர, ஆற்றில் கால் வைக்க இடமிருக்காது. கரும்பு, பலூன், ராட்டினம், தொலைந்துபோன குழந்தைகளுக்கான மைக் அறிவிப்பு... எல்லாவற்றுக்கும் மேலாகச் சுருளிக்கிழங்கு! வேகவைத்துத் தோல் உரித்து வாயில் போட்டால்... சரி, கிழங்கைப் பற்றி இன்னொரு வாரம்.

நான் போனது கிழங்குக்காகத்தான். கூட்டிக்கொண்டு போன மாமாவுக்கு வேறு உத்தேசம். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறார். கௌரவ விரிவுரையாளர். பெயரிலேயே கௌரவத்தைக் கொடுத்துவிட்டதால் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிற உத்தியோகம்.

தீர்த்தவாரி முடிந்ததும் என் தோளைத் தட்டினார். "கெளம்பு மச்சான். பக்கத்துல ஒரு ரிசர்ச் பேப்பர் இருக்கு. ஒரே வரிதான். படிச்சிட்டு வந்துடலாம்."

"இன்னிக்கு லைப்ரரி லீவா இருக்குமே மாமா?"

"மலைக்கு ஏது லீவு?"

பைக்கைக் கிளப்பினார். ஜம்பைக்குப் போனோம். மணலூர்பேட்டைக்குப் பக்கத்து ஊர். அங்கே ஒரு குன்று. குன்றில் ஒரு குகை. உள்ளூரில் அதற்குத் தாசி மடம் என்று பெயர். யார் அந்தத் தாசி, எப்போது மடம் கட்டினாள் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். குகைப் பாறையில் மாமா விரலால் காட்டிய இடத்தில் கோடும் வளைவுமாகச் சில கீறல்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நம்ம 'அ'வும் இல்லை, 'ஆ'வும் இல்லை.

"தமிழ்தான்யா. தமிழ் பிராமி எழுத்து. 'சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி'ன்னு இருக்கு" என்றார் மாமா. பாளி என்றால் முனிவர்கள் தங்குகிற இடம். ஈத்த என்றால் கொடுத்த. ஆக, சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இடம். ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தாரே, அதே பெயர்!

"கனிக்கு ரசீது இல்ல. இதுக்கு இருக்கு" என்றேன். பி.காம். படித்தவன் வேறென்ன சொல்வான்?

மாமா சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்ற. இது ரசீதுதான். இந்த ரசீது கிடைக்கறதுக்கு 143 வருஷம் ஆச்சு" என்றார்.

அந்தக் கதை இதுதான். அசோகச் சக்கரவர்த்தி தன்னுடைய கட்டளைகளைப் பாறைகளில் வெட்டி வைத்தார் இல்லையா? குஜராத்தில் கிர்நார் மலையடியில் ஒரு பாறை. அதில் தன் ராஜ்ஜியத்துக்கு வெளியே இருக்கிற அண்டை நாட்டுக்காரர்களைப் பட்டியல் போடுகிறார். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர். பிராமி எழுத்தின் பூட்டைத் திறந்தவர் ஜேம்ஸ் பிரின்செப் என்கிற வெள்ளைக்காரர். கல்கத்தா நாணயச் சாலையில் உத்தியோகம். 1837-இல் எழுத்தைப் படித்துவிட்டார். 1838-இல் கிர்நார் பாறையையும் படித்து வெளியிட்டார். சோழர் தெரியும், பாண்டியர் தெரியும், கேரளபுத்திரர் என்றால் சேரர். இந்த சத்தியபுத்திரர் யார்?

ஆரம்பித்தது சண்டை. காஞ்சிபுரத்துக்காரர்கள் என்றார் ஒருவர். துளுநாடு என்றார் இன்னொருவர். வாக்குத் தவறாத கோசர்கள்தான் என்றார் மற்றொருவர். அதியமான்கள் என்று சொன்னவர்களும் உண்டு. எல்லோரிடமும் காரணம் இருந்தது. காகிதம் இருந்தது, பேனா இருந்தது, எழுதினார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் எழுதினார்கள். 1981-இல் இந்த ஜம்பைப் பாறை தமிழ்நாடு தொல்லியல் துறையின் கண்ணில் பட்டது. அப்போது துறைக்கு இயக்குநர் இரா. நாகசாமி. கிர்நாரில் என்ன எழுத்துக்கூட்டலோ அதே 'சதியபுதோ' இங்கே அதியமானின் பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அத்தனை கட்டுரைகளும் வாதம் செய்த கேஸில் ஒரு பாறை வந்து சாட்சி சொல்லிவிட்டது!

இன்னொரு விஷயம். அதியமானின் ஊர் தகடூர். அதாவது தருமபுரி. அவருக்கு இங்கே என்ன வேலை? சங்கப் பாடல்களில் அவர் மலையமானின் கோவலூரை அடித்த செய்தி இருக்கிறது. கோவலூர் என்பது நம்ம திருக்கோவலூர். இங்கிருந்து கிட்டம். பாட்டும் பாறையும் ஒன்றுக்கொன்று கையெழுத்துப் போட்டுக்கொள்கின்றன.

இறங்கி வரும்போது எனக்கு என் அக்கவுன்டன்ஸி வாத்தியார் ஞாபகம் வந்தார். எங்கள் படிப்பிலும் ஜர்னல் உண்டு. கணக்கை முதன்முதலில் பதிகிற புத்தகம். வாத்தியார் முதல் வகுப்பிலேயே போர்டில் எழுதிப் போட்டது: வவுச்சர் இல்லாமல் ஜர்னலில் என்ட்ரி போடாதே. ஐந்து ரூபாய் டீச் செலவாக இருந்தாலும் துண்டுச் சீட்டு வேண்டும். ஆடிட்டர் வந்தால் முதலில் ஜர்னலைப் பார்க்க மாட்டார், வவுச்சர் ஃபைலைத்தான் இழுப்பார்.

படித்தவர்களின் ஜர்னலிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஜம்பைப் பாறை வவுச்சர். அதைப் பற்றிய கட்டுரைகள் என்ட்ரி. இதை மாமாவிடம் சொன்னேன். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டார். பத்து வருஷமாக யாராவது இதைச் சொல்வார்களா என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

மாமாவின் சோகம் என்னவென்றால், அவரிடம் இருப்பதெல்லாம் வவுச்சர். கேட்கிறவர்களோ என்ட்ரி கேட்கிறார்கள்.

அக்கா வீட்டுப் பரணில் தீபாவளிப் பலகாரப் பாத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட காகிதச் சுருள்கள் இருக்கின்றன. எல்லாம் கல்வெட்டுகளின் மைப்படிகள். "மனுஷன் நகை நட்டு சேர்ப்பாரு, இவர் பேப்பர் சேர்க்கறாரு. பழைய பேப்பர்காரன்கூட எடைக்கு எடுக்க மாட்டேங்கறான்டா. மை ஒட்டுதாம்" என்பது அக்காவின் நிரந்தரப் புகார்.

வேலை நிரந்தரத்துக்கான ஒரு நேர்காணலுக்கு மாமா போயிருந்தார். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். சுருள்களில் ஆறு நல்லதாகப் பொறுக்கி, குடை மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். எதிரே மூன்று பேர். "பப்ளிகேஷன்ஸ்?" என்று கேட்டார்கள். மாமா ஒரு சுருளை விரித்தார். மேஜை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளையாக வட்டெழுத்து. ஒருவர் தன் டீ டம்ளரை அவசரமாக நகர்த்திக்கொண்டார்.

"இது நல்லாருக்கு. ஜர்னல் எங்கே? ஐ.எஸ்.எஸ்.என். நம்பர் இருக்கா?"

நம்பர் இருந்தது. கல்லின் உயரம், அகலம், வரிகளின் எண்ணிக்கை என்று நிறைய நம்பர் இருந்தது. அவர்கள் கேட்ட நம்பர் இல்லை. சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர்களைத் திட்டியும் பிரயோஜனமில்லை. யு.ஜி.சி. 2010-இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. இத்தனை கட்டுரைக்கு இத்தனை மார்க். உடனே என்ன நடக்கும்? எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். டிமாண்ட் இருந்தால் சப்ளை வரும்! காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடுகிற 'சர்வதேச' பத்திரிகைகள் முளைத்தன. காலையில் பணம் கட்டினால் சாயந்திரம் விஞ்ஞானி. 2018 மே மாதம் யு.ஜி.சி.யே 4,305 பத்திரிகைகளைத் தன் பட்டியலிலிருந்து ஒரேயடியாகத் தூக்கியது. 2019-இல் 'கேர்' என்று புதிய பட்டியல் வந்தது. 2025-இல் அதுவும் வேண்டாம் என்று கைவிடப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் அதியமான் பாறை ஒரே பதிப்பில், பிழை திருத்தம் இல்லாமல், சந்தா இல்லாமல் ஏறத்தாழ 2,000 வருஷமாக வெளிவந்துகொண்டிருக்கிறது.

மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா கூட்டிக்கொண்டு போனார். ஜம்பை மாதிரி இடங்களில் துறையின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. இது வேறொரு கிராமத்தில், வயல் வரப்பில் சாய்ந்து கிடந்த ஒரு நடுகல். நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தோம்.

முதலில் கல்லைக் குளிப்பாட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றி நார் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துப் பாசியையும் மண்ணையும் எடுக்க வேண்டும். கம்பியோ உளியோ படக்கூடாது. பிறகு தடித்த வெள்ளைக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துக் கல்லின் மேல் போர்த்துவது. காற்றுக் குமிழி இருந்தால் தொலைந்தது. அப்புறம் இன்னொரு பிரஷ்ஷால் தட்ட வேண்டும். தட்டத் தட்ட ஈரக் காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கேதான் கை தெரிகிறது. பலமாகத் தட்டினால் கிழியும், பயந்து தட்டினால் எழுத்து விழாது. அரை ஈரம் காய்ந்ததும் துணிப் பந்தை மையில் தொட்டு ஒற்றுவது. மேடான இடமெல்லாம் கறுப்பாகும். பள்ளத்தில் இருக்கிற எழுத்து வெள்ளையாகவே நிற்கும். காய்ந்ததும் உரித்தால், கல்லின் சட்டையைக் கழற்றிய மாதிரி முழுசாக வரும்.

நான் ஒன்று முயற்சி செய்தேன். என் முகத்திலும் சட்டையிலும் படி நன்றாக விழுந்தது. காகிதத்தில்தான் விழவில்லை.

"ஏன் மாமா, செல்போன்ல போட்டோ எடுத்தா ஒரு செகண்டுல முடிஞ்சிடுமே?"

"எடுக்கலாம். எடுக்கவும் எடுக்கறேன். ஆனா போட்டோவுல வெயில் எந்தப் பக்கம் அடிக்குதோ அந்த எழுத்துதான் தெரியும். இது கல்லைத் தொட்ட பேப்பர். ஒவ்வொரு பள்ளமும் அதே சைஸ்ல இருக்கு. எனக்கு 'ர'ன்னு படுறது இன்னொருத்தருக்கு 'த'ன்னு படலாம். அவரு இந்தப் பேப்பரை வெச்சு என்னோட சண்டை போடலாம். என் கட்டுரையை வெச்சு சண்டை போட முடியாது. அதுல நான் 'ர'ன்னு அச்சடிச்சுட்டேனே!"

வாஸ்தவம்தான். பிரின்செப் கிர்நாருக்கே போனதில்லை. கேப்டன் லாங் என்பவர் பாறையின் மேல் துணியை வைத்து எடுத்த படி கல்கத்தாவுக்குப் போக, அதை வைத்துத்தான் அவர் படித்தார். சில இடங்களில் சந்தேகம் வர, மறுபடி படியெடுக்கச் சொல்லி ஆள் அனுப்பவும் ஏற்பாடு செய்தார். இந்திய சரித்திரத்தில் அசோகர் திரும்பக் கிடைத்ததில் அந்தத் துணிக்கும் பங்கு உண்டு.

நாங்கள் படியெடுத்த நடுகல், மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த யாரோ ஒரு வீரனுடையது. இந்த வட்டாரத்தில் நடுகல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி மாமா சொன்னார். பல்லவ மகேந்திரவர்மன் காலத்தது. மாடு காத்து வீரன் செத்துப் போகிறான். அவன் நாய் இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம். நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு நாய்க்குப் பெயர் நிலைத்துவிட்டது. நம் தாத்தாவின் தாத்தா பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜம்பை கோயிலில் இன்னொரு சோழர் காலக் கல்வெட்டு உண்டு. 1906-இல் அரசாங்கக் கல்வெட்டுத் துறை படியெடுத்தது. வரி வசூலிக்க வந்தவர் ஒரு பெண்ணை நெருக்குகிறார். நான் கட்ட வேண்டியதில்லை என்கிறாள். அவர் விடவில்லை. அவள் நஞ்சு குடித்துச் செத்துப் போகிறாள். பெரிய சபை கூடி, குற்றம் அந்த வரிக்காரர் மேல்தான் என்று தீர்த்து, கோயிலில் விளக்கெரிக்கப் பணம் கட்ட வைக்கிறது. ஒரு உயிருக்கு ஒரு விளக்குதானா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நினைத்துப் பாருங்கள், வரி கேட்டவரின் தப்பை ஊர் அறிய, நாள் கடந்து நிற்கக் கல்லில் போட்டிருக்கிறார்கள். அந்தச் சுவர் இல்லையென்றால் அந்தப் பெண்ணும் இல்லை.

சுவர் எப்போதும் இருக்கும் என்று என்ன நிச்சயம்? திருப்பணி என்ற பெயரில் கோயில் கற்களின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்த காலம் ஒன்று இருந்தது. கல் பளபளத்தது. எழுத்து மழுங்கியது. சுண்ணாம்பு, பெயிண்டு, டைல்ஸ்... தமிழன் பக்தியோடு அழித்த சரித்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மலையைக் குவாரிக்காரர்கள் வெட்டினார்கள். கல் போன இடங்களில் மிச்சம் இருப்பது மைப்படிதான். கல்லுக்கு வாரிசு.

1886-இல் ஹூல்ஷ் என்கிற ஜெர்மானியரை அரசாங்கம் கல்வெட்டு அதிகாரியாகப் போட்டது முதல் சேர்ந்த படிகள் அவை. ஊர் ஊராக மாட்டு வண்டியில் போய் எடுத்திருக்கிறார்கள். அலுவலகம் ஊட்டியில் இருந்தது. 1966-இல் மைசூருக்குப் போயிற்று. படிகளும் கூடவே போயின. ஆண்டறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிச் சுருக்கம் உண்டு. முழு வாசகமும் அச்சில் வராத கல்வெட்டுகள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் அந்தக் காகிதம்தான் ஒரே வெளியீடு. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வழக்கு நடந்து, 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆறு மாதத்துக்குள் மாற்றச் சொல்லி உத்தரவிட்டது. பழைய காகிதத்துக்கு ஹைகோர்ட் கேஸா என்று அப்போது நான் டீக்கடையில் கிண்டலடித்திருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஏனென்றால் மாமாவின் பரணில் 17-ஆம் நம்பர் சுருள் ஒன்று இருக்கிறது. ஏரி மதகுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பலகைக் கல். ஏரியைத் தூர் வாரியது யார், அதற்கு நிலம் விட்டது யார் என்று ஏழெட்டு வரி. நாலு வருஷம் முன்னால் படியெடுத்தார். போன வருஷம் மாணவர்களை அழைத்துக்கொண்டு போனால் கல் இல்லை. ரோடு அகலப்படுத்தியபோது உடைத்துச் சிறுபாலத்துக்கு அடியில் போட்டுவிட்டார்களாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் நல்ல மனசோடு சொன்னது: "சும்மா கெடந்த கல்லுதானே சார். இப்ப உபயோகமா இருக்கு!"

ஆக, அந்த ஏரியின் சாசனம் இன்றைக்கு அக்காவின் முறுக்கு டின்னுக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு எலி மனசு வைத்தால் போதும்.

இதற்கு மார்க் கிடையாதா? கிடையாது. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் கட்டுரைக்கு மார்க். கல் இருக்கிறதா, படி எங்கே என்று மார்க் போடுகிறவர் கேட்க மாட்டார். பொருளையே வெளியீடாக மதித்தால் என்ன என்பதுதான் மாமாவின் கேள்வி.

கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், இதைச் செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. செடிக்காரர்கள்! புதிய செடி ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வைப்பதாக இருந்தால் கட்டுரை மட்டும் எழுதினால் போதாது. அந்தச் செடியின் ஒரு கிளையைப் பூவோடு உலர்த்தி, அட்டையில் ஒட்டி, எங்கே யார் எப்போது பறித்தது என்று சீட்டெழுதி, ஒரு ஹெர்பேரியத்தில் வைக்க வேண்டும். பெயர் அந்தக் காய்ந்த கிளைக்குத்தான் சொந்தம். நாளைக்குத் தகராறு வந்தால் கட்டுரையைப் பார்க்க மாட்டார்கள், அட்டையைத்தான் எடுப்பார்கள். ஆராய்ச்சிக்கு ஆதாரமாகப் பாதுகாக்கிற அப்படிப்பட்ட செடிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரைக் கேட்டு நான் துள்ளிக் குதித்தேன். வவுச்சர் ஸ்பெசிமன்! எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் தாவரவியலுக்கும் போயிருப்பார் போலிருக்கிறது.

இதுமட்டுமல்ல. ஒரே செடியின் பல கிளைகளை உலர்த்தி, நம்பர் போட்டு, அச்சடித்த சீட்டு ஒட்டி, புத்தகப் பிரதிகள் அனுப்புவது மாதிரி ஊர் ஊராக அனுப்பும் வழக்கமும் அவர்களிடம் நெடுங்காலமாக உண்டு. சென்னை ராஜதானியில் டாக்டராக இருந்த ராபர்ட் வைட் 1831-இல் விடுமுறையில் சீமைக்குக் கப்பல் ஏறியபோது டன் கணக்கில் உலர்ந்த செடிகளைக் கொண்டுபோனார். அங்கே அவற்றைப் பிரித்து, பட்டியல் அச்சடித்து, பல நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். அதுதான் அவருடைய வெளியீடு. ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள் அவருக்காக வரைந்த படங்கள் வேறு இருக்கின்றன. நம் காலத்தில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தை 1967-இல் தொடங்கிய பாதிரியார் மேத்யூ, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய பெரிய வால்யூம்களாக எழுதினார். அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் அட்டை அலமாரியில் இருக்கும். சந்தேகமா, போய்ப் பார்த்துக்கொள்.

"அதே மாதிரிதான் மச்சான். ஒவ்வொரு கல்லுக்கும் மூணு படி எடுக்கணும். ஒண்ணு மியூசியத்துக்கு, ஒண்ணு பல்கலைக்கழகத்துக்கு, ஒண்ணு அந்த ஊர் பள்ளிக்கூடத்துக்கு. மூணுலயும் ஒரே நம்பர். அந்த நம்பரைச் சொன்னா அதுவே வெளியீடு. படிக்கிறவன் படிச்சுக்கட்டும், மறுக்கறவன் மறுக்கட்டும்."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பொருள் மட்டும் பொய் சொல்லாதா? சொல்லும்! 1912-இல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்ற இடத்தில் ஒரு மண்டையோடு கிடைத்தது. குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் காணாமல் போன ஆள் இவர்தான் என்றார்கள். 41 வருஷம் பெரிய பெரிய புத்தகங்களில் கொலு வீற்றிருந்தார். 1953-இல் குட்டு வெளிப்பட்டது. மனித மண்டையோட்டோடு மனிதக் குரங்கின் தாடையைச் சேர்த்து, பல்லை அரம் வைத்து ராவி, சாயம் போட்டு யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

"பாத்தீங்களா மாமா, பொருளையும் நம்ப முடியாது!"

"எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அந்த எலும்பை மியூசியத்துல பத்திரமா வெச்சிருந்தாங்க. அதனால எடுத்துச் சோதிச்சாங்க. கட்டுரை மட்டும் இருந்திருந்தா இன்னிக்கும் அந்த ஆளு உசுரோட இருப்பாரு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த 41 வருஷத்தில் பலருக்கும் காட்டப்பட்டது அச்சு வார்த்த நகல்தான் என்றும், ராவிய அடையாளம் அசலில்தான் தெரியும் என்றும் மாமா சேர்த்துக்கொண்டார். இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. தென்னாப்பிரிக்கக் குகையில் கிடைத்த ஹோமோ நலேடி எலும்புகளை 2015-இல் அறிவித்தபோது, முப்பரிமாண ஸ்கேன்களையும் கட்டுரையோடு சேர்த்து இலவசமாக வெளியிட்டார்கள். வேண்டுமானால் வீட்டிலேயே எலும்பை அச்சடித்துக்கொள்ளலாம். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. பரணில் இடமில்லை.

மாமா சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் என்று சொல்லமாட்டேன். ஜம்பைப் பாறை தானாகப் பேசவில்லை. அத்தனை நாள் அதன் நிழலில் ஆடு மேய்த்தவர்கள் உட்கார்ந்து எழுந்துதான் போயிருப்பார்கள். பிராமி தெரிந்த கண் ஒன்று வந்து படித்து, 'சதியபுதோ' என்றால் என்ன என்று எழுதிய பிறகுதான் அது சாட்சி. ஐராவதம் மகாதேவன் மாதிரி ஒருவர் எத்தனையோ வருஷம் குகை குகையாக ஏறி இறங்கி, 2003-இல் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளுக்குப் பெரிய புத்தகம் போட்டதால்தான் என்னைப் போன்றவனுக்கும் விஷயம் எட்டுகிறது. வவுச்சர் மட்டும் சேர்த்துக் கோணிப்பையில் கட்டி வைக்கிற கம்பெனிக்கும் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். மாமா 17-ஆம் நம்பர் சுருளைப் பற்றிப் பத்து பக்கமாவது எழுத வேண்டும். எழுதச் சொல்லியிருக்கிறேன். "எழுதறேன், எழுதறேன்" என்கிறார், போன மாதம் வரை. அவரையும் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. எழுத உட்கார்ந்தால் எங்கேயோ ஒரு கல்லை ஜே.சி.பி. தோண்டிக்கொண்டிருக்குமே என்று எழுந்து போய்விடுகிறார்.

நடுகல் படி காய்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு மூலையில் மாமா ஊர் பெயர், தேதி எழுதினார். "நம்பரை நீ போடு" என்றார். 43 என்று போட்டேன். வாழ்க்கையில் நான் போட்ட வவுச்சர் நம்பர்களிலேயே பயந்து பயந்து போட்டது இதுதான்.

பைக் பஞ்சர். பஸ்ஸில் ஏறினோம். சுருளை நிற்க வைத்தால் கூரை இடிக்கிறது, படுக்க வைத்தால் பக்கத்து சீட் அம்மாவின் கூடையில் குத்துகிறது. கண்டக்டர் வந்தார். சுருளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார் அது? பாயா?"

"கல்லு" என்றார் மாமா, யோசிக்காமல்.

கண்டக்டர் பையைத் திறந்தார். "கல்லுன்னா லக்கேஜ் உண்டு சார்."

டிக்கெட்டை வாங்கி மாமா மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். நான் பிடுங்கி, சுருளின் பின்பக்கம் குத்திவிட்டேன்.